கிராவல் குழியை மூடிவிட்டார்கள், கையெழுத்துப் போடலாமா?

வணக்கம் சார். வல்லம் பக்கம் கிராவல் எடுக்கக் குத்தகைக்கு விட்ட ஒரு ஏக்கரை மூடிச் சமப்படுத்தியாச்சு, அதற்குக் குத்தகைக்காரர்கள் ஒப்புதல் கடிதம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். மேலே பார்த்தால் எல்லாக் குழியும் அழகாகத்தான் இருக்கும்.

ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நாலைந்து இடத்தில் மூன்றடி தோண்டிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் தோண்டினால் பிரயோஜனமில்லை, குழியின் நடுவில் தோண்டுங்கள். எங்கள் நிலத்தில் மேலே அரையடி செம்மண், அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, கம்பித் துண்டு! மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தார்களா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தோண்டிய குழியில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையிலும் நின்றால் டிப்பர் ஓடி ஓடி அடிமண் இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்கு, அடிமண்ணை ஆழமாகப் பிளக்கும் உளிக்கலப்பையை ஓட்டித் தரச் சொல்லுங்கள், செலவு அவர்களுடையது. கரைச்சரிவையும் பாருங்கள், செங்குத்தாக விட்டிருந்தால் ஐப்பசி மழையில் பக்கத்து வயல் வரப்பும் சேர்ந்து சரியும்.

அப்புறம், அனுமதி கொடுத்தபோது தாக்கல் செய்த சுரங்கத் திட்டத்தின் நகலை மாவட்டக் கனிமவளத் துறையில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எவ்வளவு ஆழம் தோண்டலாம், எப்படி மூட வேண்டும் என்பது அதில் இருக்கும்.

கையெழுத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தள்ளிப்போடுங்கள். இடையில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பாருங்கள். எங்கே திட்டுத் திட்டாக முளைக்காமல் போகிறதோ, அங்கே மறுபடி கடப்பாரையைப் போடுங்கள்.