பெரிய பெயர், சின்ன விலை: கிற்றார் அம்ப் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பம்பலப்பிட்டிக் கடையொன்றில் தங்க நிற முகப்போடு மார்ஷல் அம்ப் (கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்கு நம்பவே முடியாத விலை. கடைக்காரர் "இதுவும் வால்வு சத்தம்தான் தம்பி" என்கிறார். எடுக்கலாமா?
– எஸ். ஆர்., கொட்டாஞ்சேனை

பதில்: பெயர் அசல்தான். "வால்வு சத்தம்" என்ற பேச்சை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக மார்ஷலின் மலிவான எம்ஜி வரிசையாக இருக்கும். அதில் வால்வே (சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்) கிடையாது, முழுக்க ட்ரான்சிஸ்டர் (சூடேறக் காத்திராத சிறு மின்பாகம்). பார்த்தே கண்டுபிடிக்கலாம்: பின்பக்க வலையூடாகக் கண்ணாடிக் குழாய்கள் தெரிகின்றனவா? ஸ்விட்சைப் போட்டவுடனே சத்தம் வருகிறதா, அல்லது அரை நிமிடம் போல சூடேறிய பிறகா? உடனே வந்தால் ட்ரான்சிஸ்டர்.

பெரிய கம்பனிகள் விலையை இரண்டு விதமாக இறக்குகின்றன. ஒன்று, பழைய சேர்க்கிட்டை வைத்துக்கொண்டு மலிவாகச் செய்வது. மார்ஷலின் டிஎஸ்எல் வரிசை 1997இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 2012இல் திரும்ப வந்தபோது வியட்நாம் தயாரிப்பு. அதன் பெரிய மாடல்களுக்குள் இன்றும் ஈஎல்34 ரக வால்வுதான். வொக்ஸ் கம்பனியின் ஏசி15சி1 அம்பும் ஆசியாவில் மலிவாகச் செய்யப்படுவது. அதிலும் ஈஎல்84 வால்வு இரண்டு, செலஸ்ஷன் ஸ்பீக்கர். மற்றது, பெயரையும் முகப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்றைப் போடுவது. எம்ஜி அந்த ரகம். அது மோசமான அம்ப் இல்லை, வீட்டுப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பெயருக்கென்று கூடுதலாக ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

முதல் ரகத்தில் காசு மிச்சப்படுவது பெரும்பாலும் கூலியில்தான்: கையால் வயர் இழுத்துச் சொல்டர் பண்ணுவதற்குப் பதில் அச்சிட்ட போர்ட். அதனால் சத்தம் கெடாது. கவனிக்க வேண்டியது பெட்டியை. பிளைவுட்டுக்குப் பதில் எம்டிஎஃப் (மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை) போட்டிருந்தால் கடற்கரைப் பக்க ஈரத்தில் அடிப்பாகம் ஊதும், கைபிடி ஆணிகள் கழன்று வரும். சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் நாலு அங்குலமாவது உயர்த்தி வையுங்கள்.

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த செக்கண்ட் ஹாண்ட் வால்வு அம்ப் ஒன்று புதிதின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 110 வோல்ட் ட்ரான்ஸ்போமர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது போதாதா?
– ம. தே., தெஹிவளை

பதில்: போதாது. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். 110 கொடுத்தால் எல்லாமே பத்து வீதம் ஏறும். நம் கரண்ட் 230 என்றாலும் சில வீடுகளில் இரவில் 240ஐத் தொடும். அப்போது உங்கள் ட்ரான்ஸ்போமர் 115 தரும். வால்வின் ஹீற்றருக்கு (அதைச் சூடாக்கும் இழைக்கு) வேண்டியது 6.3 வோல்ட், போவது 7.2. உள்ளே 400 வோல்ட் ஓடவேண்டிய இடத்தில் 460 ஓடும். அங்கிருக்கும் கப்பாசிற்றர் (மின்னைச் சேமித்து வைக்கும் பாகம்) 450க்குத்தான் செய்தது. அன்றைக்கே எரியாது. சில மாதத்தில் வால்வு போகும், பிறகு கப்பாசிற்றர், கடைசியில் பவர் ட்ரான்ஸ்போமர்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்கும்போது "100 வோல்ட் அவுட்" என்று குறிப்பாகக் கேளுங்கள். அம்பின் பின்பக்கம் எத்தனை வாட் இழுக்கும் என்று எழுதியிருக்கும். அது 150 என்றால் 300 விஏ (ட்ரான்ஸ்போமர் தாங்கும் அளவு) எடுங்கள்.

இன்னொன்று, இதுதான் உயிர்ப் பிரச்சினை. ஜப்பான் பிளக்கில் பெரும்பாலும் இரண்டே பின், எர்த் இல்லை. இங்கே விற்கும் ட்ரான்ஸ்போமர்கள் பலவற்றில் அவுட் பக்கத்துக்கு எர்த் வருவதில்லை. கிற்றார் கம்பிகள் அம்பின் உலோகச் சட்டத்தோடு நேரடியாகத் தொடுப்பில் இருக்கின்றன. சட்டத்தில் கரண்ட் கசிந்தால், வாசிப்பவர் மைக்கில் உதடு வைக்கும்போது அடிக்கும். ஆகவே மூன்று கம்பி வயர் மாற்றி, பச்சை-மஞ்சள் கம்பியை அம்பின் சட்டத்திலிருந்து 13 அம்பியர் பிளக்கின் எர்த் வரை ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு இழுக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், 230 வோல்ட்டுக்கென்றே வரும் மலிவு வரிசைப் புதிது பல நேரம் லாபம்.

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிவீடு. எத்தனை வாட் எடுப்பது?
– கே., வெள்ளவத்தை

பதில்: வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 50 வாட்டை 5 ஆக்கினாலும் காதுக்குப் பாதிச் சத்தம். எனவே "5 வாட் வால்வு, வீட்டுக்கு ஏற்றது" என்று விற்பதை நம்பி எடுத்தால் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டுவா. ஹெட்ஃபோன் துளை உள்ள ட்ரான்சிஸ்டர் அம்ப் எடுங்கள். பொஸ் கட்டானா 50இல் 0.5 வாட் வரை இறக்கும் ஸ்விட்ச் உண்டு. ஓரஞ்ச் க்ரஷ் 20 இன்னும் எளிமை.

கேள்வி: கோவில் குழுவுக்கு வாங்கிய 40 வாட் வால்வு அம்ப், இரண்டு வருடத்தில் கரகரக்கிறது. சில நேரம் சத்தம் அப்படியே அமிழ்ந்துவிடுகிறது. கடையில் வால்வு எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள்.
– அருட்பணிக் குழு, மட்டக்குளி

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் பெட்டிகளை இணைக்கும் சென்ட், ரிட்டர்ன் என்ற இரு துளைகள்) இருந்தால், சென்ட் துளையிலிருந்து ரிட்டர்ன் துளைக்கு ஒரு சிறிய கேபிள் போடுங்கள். சத்தம் திரும்பி வந்தால் குற்றம் வால்வில் இல்லை. ரிட்டர்ன் துளைக்குள் இருக்கும் தொடுப்புத் தகடு உப்புக் காற்றில் கறுத்திருக்கிறது. அம்பை அணைத்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது தரம் போட்டு எடுத்தால் சரி. சத்தம் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்கள் கரகரத்தால் அவற்றுக்கும் இதே கிளீனர் வைத்தியம்.

லூப் இல்லையென்றால், அல்லது அதனால் சரியாகாவிட்டால், முதல் ஈசிசி83 வால்வைப் (உள்ளே வரும் சத்தத்தை முதலில் பெருக்கும் சிறிய வால்வை) பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணிபோல ஒலித்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அரைமணி நேரம் ஓடி நன்றாகச் சூடான பிறகுதான் குழப்பம் வருகிறதென்றால், வால்வு சொக்கெற் போர்டிலேயே சொல்டர் பண்ணியிருப்பதுதான் காரணம்: சூடும் குளிருமாகி ஈயம் வெடிக்கும். மலிவு வரிசைகளின் வழக்கமான வியாதி இது. ரிப்பேர்காரர் மறுபடி சொல்டர் பண்ணினால் போதும். நீங்கள் திறக்க வேண்டாம்; பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் 400 வோல்ட் நிற்கும். பவர் வால்வுக்குள் இருக்கும் தகடே சிவந்து தெரிந்தால் உடனே அணையுங்கள்.

கேள்வி: சொல்டானோ, ஃப்ரீட்மன் போன்ற பெரிய அம்ப் கம்பனிக்காரர் எல்லாம் இப்போது உள்ளங்கை அளவில் 30 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத அம்ப்) விற்கிறார்களே?
– பி. ஜே., வத்தளை

பதில்: சொல்டானோவின் 1987இல் வந்த எஸ்எல்ஓ-100 முழு வால்வு. இப்போது விற்கும் எஸ்எல்ஓ மினி முழு ட்ரான்சிஸ்டர். டிஸ்டோர்ஷன் வியக்குமளவு கிட்ட வருகிறது. கம்பியை அழுத்தி அடிக்கும்போது சத்தத்தை மெல்ல அமுக்கிக் கொடுக்கும் வால்வின் குணம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் பெட்டி தனியாக வேண்டும், அந்தக் காசையும் சேர்த்துப் பாருங்கள். ஹெட்டின் பின்னால் குறித்துள்ள ஓம் (மின்தடை) அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கொழுவ வேண்டாம். கிற்றார் கேபிளால் ஸ்பீக்கரை இணைக்கவும் வேண்டாம். அதன் உள்கம்பி மெல்லியது, சூடேறும்.