சங்கு பொறித்த வாசல்

அன்புள்ள ஐயா,

வருடாவருடம் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போகிறவர்கள் நாங்கள். இந்த முறை அருவியில் கூட்டம் தாங்கவில்லை என்று ஒருநாள் செங்கோட்டைப் பக்கம் போனோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பழைய வாசலைப் பார்த்து, "அப்பா, மேலே ஏன் சங்கு இருக்கிறது?" என்று என் மகன் கேட்டான். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட வந்த உறவினர், "அந்த ராஜ்யம் வேண்டாமென்று போராடித்தானே தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்? அடிமைச் சின்னத்தை இன்னும் ஏன் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்? போகிற வருகிற லோடு லாரிகளுக்கும் இடைஞ்சல். இடித்துவிட்டுச் சாலையை அகலமாக்கலாம்" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் பதிலும் கிடைக்கவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்த ஊரில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்., விருதுநகர்

---

அன்புள்ள ஆர்.,

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூரைத் தாண்டியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் மர அறுவை மில்கள், பரோட்டாக் கடைகள். அந்த இடத்தை இன்றும் எல்லோரும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். பேருந்து நடத்துநர் "பார்டர் இறங்கு" என்பார். பரோட்டாவுக்கே பார்டர் பரோட்டா என்றுதான் பெயர். இப்போது கேரள எல்லை இருப்பதோ மேற்கே புளியரை தாண்டி மலைமேல், கோட்டைவாசலில். பிரானூரைவிட்டு எல்லை போனது 1956 நவம்பர் 1ஆம் தேதி. எல்லை போனபின்னும் பெயர் போகவில்லை. உங்கள் மகனிடம் இதிலிருந்து தொடங்குங்கள். அந்த வாசல் ஏன் அங்கே நிற்கிறது என்பது அவனுக்குப் பாதி விளங்கிவிடும்.

ஒரு பக்கம் திருநெல்வேலிச் சீமை. வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. மறுபக்கம் திருவிதாங்கூர், மகாராஜா ஆண்ட சமஸ்தானம். நாணயம் வேறு, சட்டம் வேறு, வரி வேறு. எங்கள் ஆச்சி செங்கோட்டையில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். எட்டுக் கிலோமீட்டர்தான். ஆனாலும் கடைசிவரை பிறந்த ஊரை 'அந்தச் சீமை' என்றே சொன்னாள். அவளுடைய சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவே செப்புச் சக்கரம் ஒன்று கிடக்கும். புழக்கம் போய் எத்தனையோ வருடமான காசு. தேய்ந்து வழவழவென்றாகி, சங்கு மட்டும் விரலில் தட்டுப்படும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று அவள் சொல்லித் தந்த கணக்கை வாய்ப்பாடு மாதிரி இப்போதும் ஒப்பிப்பேன். அதாவது 28 சக்கரத்துக்கு ஒரு சமஸ்தான ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அதைவிட அரைச் சக்கரம் கூட. அந்த அரைச் சக்கரத்துக்காகப் பார்டரில் சண்டை நடக்கும் என்பாள்.

அவள் காசில் இருந்த சங்குதான் வாசலிலும் இருக்கிறது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யத்தை முழுவதுமாகத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வம்சத்து அரசர்கள் பத்மநாபதாசர்கள். நாடு பெருமாளுடையது, அரசன் அவர் சார்பில் ஆள்கிறவன் என்பது ஏற்பாடு. பெருமாளின் வலம்புரிச் சங்கு அரச முத்திரையானது அப்படித்தான். காசில், பத்திரத்தாளில், தபால்தலையில், கட்டட நெற்றியில் எல்லாம் சங்குதான். இன்றைய கேரள அரசுச் சின்னத்தைக் காட்டுங்கள். இரண்டு யானைகளுக்கு நடுவில் அதே சங்கு இருப்பதை உங்கள் மகனே கண்டுபிடிப்பான்.

வாசலின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள் நிற்பதைக் கவனித்தீர்களா? கோயிலில் கருவறை வாசலில் நிற்கிறவர்களை ஊர் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது சாமியின் நாடு என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அது கோட்டை மாதிரித் தோற்றமளிக்கும் வாசல். கிழக்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வருகிறவரைப் பார்த்து, இனி வேறு ராஜ்யம் என்று சொல்வதற்காக நிற்கிறது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் காசும் இருந்தது. எல்லைச் சவுக்கைகளில் சரக்கை இறக்கிப் பார்த்துத் தீர்வை வாங்கியது ஒரு காலம். 1865இல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு உள்நாட்டுச் சரக்குகள் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வையை எடுத்துவிட்டன. உப்பு, புகையிலை போன்ற சில மட்டும் அரசின் பிடியிலேயே இருந்தன. கிழக்கே நெல்லும் பருத்தியும், மேற்கே மரமும் மிளகும். நடுவில் மலை. அந்த மலையில் இயற்கையே விட்ட இடைவெளிதான் ஆரியங்காவுக் கணவாய். குற்றாலத்தில் உங்கள் மேல் விழுந்த சாரலுக்கும் அதுதான் வழிவிடுகிறது. காற்றும் மழையும் வண்டியும் ஒரே வழியாக வரும் இடத்தில் ஊர் அமையாமல் இருக்குமா?

இனி உங்கள் உறவினர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். திருவிதாங்கூரில் தமிழர் போராட்டம் சும்மா நடந்ததல்ல. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அந்தப் போராட்டத்தை நடத்தியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு மனிதர்கள் செத்தார்கள். கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் தங்கள் மொழியில் பேச வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 1956இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. செங்கோட்டைத் தாலுகாவே முழுதாக வரவில்லை, மலைப்பகுதி மேற்கே நின்றுவிட்டது.

ஆனால் வாசலை இடித்துவிட்டால் இந்தப் போராட்டத்தை உங்கள் மகனுக்கு எதை வைத்துச் சொல்வீர்கள்? எந்த ராஜ்யத்திலிருந்து வெளியே வந்தோம் என்று காட்ட அந்த ஊரில் வெளிப்படையாக நிற்கும் சாட்சி அதுதான். நான் அதை அடிமைச் சின்னமாகப் பார்க்கவில்லை. ஒரு ராஜ்யத்தின் முடிவை அந்த ராஜ்யத்தின் வாசலே நின்று சொல்கிறது. சங்கு அப்படியே இருக்கிறது. அதன் கீழே தமிழ்நாட்டுப் பேருந்து போகிறது. போராடியவர்கள் ஜெயித்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வாஞ்சிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஊர் இது என்பதால் அங்கே சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. அவசியம் பாருங்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 25 வயதுதான். இது எல்லோருக்கும் தெரியும். அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன் அல்ல, திருவிதாங்கூர்ப் பிரஜை என்பது பலருக்கு நினைவில்லை. புனலூரில் சமஸ்தானத்து வனத்துறையில் வேலை பார்த்தவர். ஆஷின் அதிகாரம் அவர் ஊர் எல்லைக்கு வெளியேதான் தொடங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் செய்ததைத் தன் வீட்டில் நடந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால்தான் இது நெஞ்சில் உறைக்கும். வாசல் இல்லாத செங்கோட்டையில் வாஞ்சியின் கதையிலும் ஒரு பாதி போய்விடும்.

ஊருக்குள் குலசேகரநாதர் கோயில் இருக்கிறது, போய்வாருங்கள். ஆனால் நேரம் குறைவென்றால் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். கொல்லம் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. 1904இல் மலையைக் குடைந்து போட்ட பாதை. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டருக்கும் அதிக நீளமான குகை ஒன்று உண்டு. அதன் நெற்றியிலும் சங்கு இருக்கிறது. குகையைத் தாண்டினால் மலையின் அந்தப் பக்கம், அதன்பின் தென்மலையை நெருங்கும்போது பதின்மூன்று கண் பாலம். மலையாளத்தில் 'பதிமூணு கண்ணற' என்பார்கள். கல் வளைவுகள் பதின்மூன்று, கீழே சாலை, சாலையை ஒட்டி ஆறு.

மீட்டர் கேஜ் இருந்தபோது அந்தப் பாதையில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. குகை வரப்போகிறது என்றால் பெட்டியில் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் ஜன்னலை இறக்குவார்கள். சிறுவர்கள் மட்டும் இறக்கமாட்டார்கள். இருட்டுக்குள் போனதும் பெட்டி முழுக்க ஒரு கூச்சல் கிளம்பும். வெளியே வரும்போது காற்றின் வாசனையே மாறியிருக்கும். கிழக்கே காய்ந்த மண், மேற்கே நனைந்த இலை. 2010இல் அகலப்பாதை வேலைக்காக அந்த ரயிலை நிறுத்தினார்கள். 2018இல் மறுபடி ஓடத் தொடங்கியது. இதற்காகத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்: கனமான ரயில் போக வேண்டும் என்பதற்காகப் பதின்மூன்று கண் பாலத்தை யாரும் இடிக்கவில்லை, வலுப்படுத்தினார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பாலத்தின் மேல் இன்று எக்ஸ்பிரஸ் ரயில் போகிறது. ரயிலுக்கே வழி கண்டுபிடிக்க முடிந்தது. லாரியைச் சுற்றிவிட ஒரு புறவழி கண்டுபிடிக்க முடியாதா? உங்கள் உறவினரிடம் இதைக் கேளுங்கள்.

ஒருநாள் கையில் இருந்தால் அப்படியே புனலூர் வரை போய்விடுங்கள். கல்லடை ஆற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டியது. வண்டி போக இப்போது பக்கத்தில் வேறு பாலம். தொங்குபாலத்தில் நடந்து மட்டும் போகலாம். காலுக்குக் கீழே பலகை லேசாக அசையும். செங்கோட்டை வாசலுக்கு நான் கேட்பதும் இதுதான்: வண்டிக்குப் பக்கத்தில் வழி, பழையதை நடக்கிறவர்களுக்கு விடுவது.

லாரியைவிட எனக்கு அதிகப் பயம், நல்ல மனதோடு வந்து பழுதுபார்க்கிறவர்களிடம். அந்தக் காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் பூர்வீக வீட்டில் நாங்களே செய்த பாவம் இது. மழையில் சுவர் நனைகிறதே என்று வெளிப்புறம் முழுக்கச் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்தோம். மூன்றாவது சாரலில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. கொத்தனார் கரண்டியால் தட்டினார், பாளம் பாளமாக விழுந்தது. பூச்சோடு பழைய செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே செங்கல் நமத்துப்போய், விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. தாத்தா காலத்தில் எழுபது மழை பார்த்த சுவர். எல்லைச் சாரலில் நிற்கிற வாசலுக்கு யாராவது திருப்பணி செய்ய வந்தால், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிவர வேண்டும்.

கட்டடம் இல்லாத நினைவுகளும் அந்த ஊரில் உண்டு. அத்வைதம் பாடிய ஆவுடையக்காள் செங்கோட்டைக்காரர். இளம் விதவையாக்கப்பட்ட ஒரு பெண், சாதி ஆசாரத்தையும் தீட்டையும் கேள்வி கேட்டுப் பாடிய பாட்டுகள், பெண்கள் வாய்வழியாகவே பல தலைமுறை வந்தன. 1906இல் பிறந்து 28 வயதுகூட நிறைவதற்குள் 1933இல் போய்விட்ட நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவும் இந்த ஊர்தான். அவர் பெயரின் முதல் எழுத்தே செங்கோட்டை. தெருவில் நடக்கும்போது இவர்களையும் பையனுக்குச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் தென்காசி காசிவிசுவநாதர் கோயிலில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். கோபுரம் சிதைந்து, வெகுகாலம் மொட்டையாகவே நின்று, 1990இல்தான் முழுதாக எழும்பியது. சின்ன வயதில் எங்களுக்கு அது மொட்டைக் கோபுரம்தான். அந்தப் பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது பழுது வந்தால் அதைச் சரிசெய்து காப்பாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும், உலகமறிய அவரைப் பணிகிறேன் என்கிறான். முகம் தெரியாத ஒருவனுக்கு, இன்னும் பிறக்காத ஒருவனுக்கு, அரசன் போடும் கும்பிடு. அதை உங்கள் உறவினரும் கேட்கட்டும்.

அடுத்த சீசனுக்கு வரும்போது, சாரல் விட்ட ஒரு காலையில், லோடு லாரிகள் வரிசை கட்டுவதற்குள் செங்கோட்டைக்குப் போய்விடுங்கள். வாசலுக்குக் கிழக்கே, சாலை ஓரமாக நில்லுங்கள். இளவெயில் அந்த நேரத்தில் வாசலின் முகத்தில் விழும். துவாரபாலகர்களில் தொடங்கிச் சங்கு வரை பையன் நிதானமாகப் பார்க்கட்டும். பார்த்து முடித்தபின் பிரானூருக்குத் திரும்பி, "பார்டர் எங்கேப்பா?" என்று கேட்க விடுங்கள்.

அன்புடன்