சிட்னிப் பக்கம் இரவில் லூர் (செயற்கை இரை) போட்டு மல்லோவே மீன் பிடிப்பது எப்படி? டெராக்லின் மீனையும் அதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நீரோட்டமும் நிழலும் சேருகிற இடத்தைத் தேடிப் போய் நில்லுங்கள். லூரின் நிறம், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் லூர்களைப் பார்த்து மலைத்துப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மல்லோவே நம்ம ஊர் கத்தாழை வகையறாதான், ஆனால் ஆள் பெரிது. ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளரும். நியூ சவுத் வேல்ஸில் ஜூஃபிஷ், ஜூவி என்றும் சொல்வார்கள். பகலில் பெரும்பாலும் ஆழமான குழிகளிலும் பாறை ஓரங்களிலும் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டியதும் மடவை, இறால், கணவாய் என்று வேட்டைக்குக் கிளம்பும். மங்கல் வெளிச்சத்திலேயே நன்றாகப் பார்க்கிற கண் அதற்கு. உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் தண்ணீரில் எழும் அதிர்வையும் உணர்ந்துகொள்ளும். அதனால்தான் இருட்டில் நமக்கே தெரியாத ஒரு ரப்பர் மீனை அது தேடி வந்து அடிக்கிறது.

ஹாக்ஸ்பரி ஆற்றில் புரூக்ளின் பக்கத்துப் பாலங்கள், ஜார்ஜஸ் ஆற்றில் கேப்டன் குக் பாலம், டாம் அக்லிஸ் பாலம் இங்கெல்லாம் இரவில் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம், பாலத்தின் நிழல் ஒரு பக்கம், நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. பொடி மீன்கள் வெளிச்சத்தில் மேயும். மல்லோவே கோட்டை ஒட்டி இருட்டுக்குள், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே ஓட்டம் வருகிற திசையில் வெளிச்சத்துக்குள் வீசி, தண்ணீரோடு சேர்த்தே லூரை நிழலுக்குள் இறக்க வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து இழுத்தால் எந்த மடவையும் அப்படி நீந்தாது என்று அதற்குத் தெரியும்.

அடுத்தது வேகம். பெரும்பாலானவர்கள் சுற்றுவது வேகமோ வேகம். வால் ஆடுவது ராடு நுனியில் லேசாகத் தெரிகிற அளவுக்குச் சுற்றினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து முதல் ஏழு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது ரப்பர் மீன் என்றால் தரையைத் தொடவிட்டு, மெதுவாகத் தூக்கி, மறுபடி நூல் தளராமல் இறக்குங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழும். "டொக்" என்று ஒரே அடி, சில நேரம் நூல் திடீரென்று தொய்ந்துவிடும். இரண்டுக்கும் உடனே ராடைத் தூக்க வேண்டும். ஜிக் ஹெட்டின் (ரப்பர் மீனைக் கோக்கும், தலையில் எடை வைத்த கொக்கி) எடையை ஓட்டத்தைப் பார்த்து மாற்றுங்கள். தரை தட்டுவது தெரியவில்லை என்றால் எடை போதவில்லை. மீன் மேல்மட்டத்தில் மடவையைத் துரத்துகிறது என்று சத்தத்திலேயே தெரிந்தால் 12 முதல் 15 சென்டிமீட்டர் ஹார்ட் பாடிக்கு (கெட்டியான உடம்புள்ள லூர்) மாறலாம்.

சாமான் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 4000 அல்லது 5000 சைஸ் ரீல், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), 40 முதல் 60 பவுண்டு தாங்கும் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நூல்). பாலத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கும், லீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெட்லைட்டைத் தண்ணீரில் அடிக்கவும் வேண்டாம்.

நேரம் என்றால், ஏற்றமும் வற்றமும் மாறுவதற்குச் சற்று முன்னும் பின்னும், ஓட்டம் தணியும்போது. வடக்கே போகிறவர்களுக்கு இன்னொன்று: பெருமழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது மடவையும் இறாலும் முகத்துவாரத்துக்குத் தள்ளப்படும். யாம்பா, இலூக்கா, பாலினா பிரேக்வால்களில் (முகத்துவாரத்துக் கல் தடுப்புச் சுவர்கள்) கூட்டம் கூடுவது அப்போதுதான். கல் வழுக்கும், அலை ஏறும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போங்கள். தனியாகப் போகவே போகாதீர்கள்.

இப்போது டெராக்லின். இதுவும் அதே குடும்பம், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். முதலில் வாலைப் பாருங்கள். டெராக்லினின் வால் ஓரம் உள்பக்கமாக வளைந்திருக்கும். மல்லோவேக்கு வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும், பெரிய மீனில் லேசாக நெளிந்தும் இருக்கும். வால் கிழிந்திருந்தால் வாயைத் திறந்து பாருங்கள்: டெராக்லினுக்கு உள்ளே மஞ்சள் அல்லது ஆரஞ்சு. அப்புறம் மல்லோவேயின் பக்கவாட்டுக் கோட்டில் வரிசையாக வெள்ளிப் புள்ளிகள் உண்டு. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் முத்துக் கோத்தது மாதிரி மின்னும். செத்துக் கொஞ்ச நேரம் ஆனால் அது மங்கிவிடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இடமும் ஒரு துப்புதான். டெராக்லின் பொதுவாகக் கடலுக்குள் பாறைத்திட்டு மேல் கூட்டமாக இருப்பது, ஆற்றுப் பாலத்தடியில் மாட்டுவது அபூர்வம். படகில் வெளியே போகிறவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கென்றால் சட்டம். நியூ சவுத் வேல்ஸில் மல்லோவே 70 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், ஆளுக்கு நாளுக்கு ஒன்றுதான். டெராக்லினுக்கு 38 சென்டிமீட்டர், ஐந்து வரை எடுக்கலாம். 50 சென்டிமீட்டர் மல்லோவேயை டெராக்லின் என்று ஐஸ் பெட்டியில் போட்டால் அபராதம்தான், "தெரியாமல் செய்தேன்" என்பது எடுபடாது. மல்லோவேயின் இருப்பு இங்கே வெகுவாகக் குறைந்துபோனதால்தான் இந்தக் கெடுபிடி. என்னைக் கேட்டால் நியாயமான கெடுபிடி. மீன்பிடி அனுமதிக் கட்டணம் கட்டிய ரசீதைப் போனில் வைத்திருங்கள். அளவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும், ஆகவே கிளம்பும் முன் அரசின் ஃபிஷ்ஸ்மார்ட் செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

குயின்ஸ்லாந்து வரை போனால் பிளாக் ஜூஃபிஷ் என்று மூன்றாவது ஒன்று வரும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் நெட்டிக்காக (வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை) லட்சக்கணக்கில் விலை போகிற கூறல் மீன் அதுவேதான். அடித்துடுப்பின் இரண்டாவது முள் தடித்து நீண்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். அதற்கு அங்கே தனி விதிகள்.

விட வேண்டிய மீனைச் செவுளில் கைவிட்டுத் தொங்கவிடாதீர்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். கொக்கி தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நூலை வெட்டிவிடுங்கள், பிழைக்கிற வாய்ப்பு அதிகம். ஓட்டத்துக்கு எதிரே தலையை வைத்துப் பிடித்திருங்கள், தானாக வாலை அடிக்கும்போது கையை எடுத்தால் போதும்.