சம்பளமில்லாமல் கோச் வேலை கேட்கும் தம்பிக்கு

தம்பி, குளிருக்கு எந்த ஜாக்கெட், வாடகை எங்கே குறைவு என்பதெல்லாம் ஓஹையோவில் வந்து இறங்கினால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதை விடுங்கள். "விளையாட்டு மேலாண்மை முதுகலை படித்துக்கொண்டே ஏதாவது அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சம்பளமில்லாமல் ஒட்டிக்கொண்டால், மெக்வே மாதிரி 30 வயதில் கோச் ஆகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் பகீரென்றது.

2001 ஜனவரியில் நான் இங்கே ஓஹையோவில் சின்சினாட்டிக்கு வந்தேன். கூட்டி வந்த கன்சல்டன்சிக்காரர் ஆறு பேரை ஒரே அபார்ட்மெண்டில் அடைத்து, "ப்ராஜெக்ட் வரட்டும், சம்பளம் தருகிறேன்" என்றார். மூன்று மாதம் ஊறுகாயும் சோறும்தான். விசா அவர் கையில் இருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து 'சும்மா வேலை' என்றாலே எனக்கு ஆகாது.

ஷான் மெக்வே 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தலைமைக் கோச் ஆனபோது வயது 30, உண்மைதான். ஆனால் அவருடைய தாத்தா ஜான் மெக்வே நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கே தலைமைக் கோச்சாக இருந்தவர். பேரன் 2008இலேயே டாம்பா பே அணியில் உதவிக் கோச்சாக நுழைந்துவிட்டார். பெரிய கோச்சான பில் பெலிச்சிக் 1975இல் வாரம் 25 டாலருக்குத் தொடங்கினார் என்று புல்லரிப்பார்கள். அவருக்கும் அப்பா கடற்படை அகாடமியில் கோச். அவர்களை 25 டாலர் சம்பளத்துக்காக யாரும் நாட்டை விட்டு அனுப்பப்போவதில்லை.

நீங்கள் வருவது எஃப்-1 என்ற மாணவர் விசாவில். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கிராஜுவேட் அசிஸ்டெண்ட் என்றொரு இடம் உண்டு. கட்டணத்தைக் கழித்துக்கொண்டு கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். எதிரணியின் வீடியோவை ஒவ்வொரு டவுனாக, அதாவது பந்தை முன்னே கொண்டுபோகும் ஒவ்வொரு முயற்சியாக, வெட்டி அட்டவணை போட வேண்டும், பயிற்சிக்கான அட்டைகளை வரைய வேண்டும். சீசனில் நடுராத்திரி வரை இழுக்கும். 20 என்று எழுதிக்கொடுத்து 60 மணி நேரம் உழைத்தால் மாட்டுவது நீங்கள்தான், கோச் இல்லை. வெளியே 'வாலண்டியர்' என்று போனாலும் அப்படித்தான். மற்றவர் சம்பளத்துக்குச் செய்கிற வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அதுவும் அனுமதியில்லாத வேலையாகிவிடலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்காமல் மைதானத்தில் கால் வைக்காதீர்கள்.

படிப்பு முடிந்ததும், படித்த துறையிலேயே வேலை செய்ய ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். கணினிக்காரர்களுக்குக் கிடைக்கிற 24 மாத நீட்டிப்பை நம்பாதீர்கள். அந்த 12 மாதத்திலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. இந்தத் தொழிலில் தலைமைக் கோச்சைத் தூக்கினால் அவரோடு கூட்டமே மூட்டை கட்டும்.

இதற்கு நம்மவர்களிடம் யோசனை கேட்கவே கேட்காதீர்கள். சின்சினாட்டியை ஒட்டிய மேசன் பக்கம் 20 வருஷமாக இருந்துகொண்டு "மண்டை உடைகிற ஆட்டம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது, ஸ்பெல்லிங் பீ என்றால் மட்டும் விடிய விடியப் பேசுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் பையன் ஹைஸ்கூல் பேண்டில் ட்ரம்பெட் வாசித்ததால், வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் நாச்சோ விற்கும் கவுண்டரில் நிற்கவேண்டி வந்தது. அங்கே ஒரு இளம் கோச், பகலில் வரலாற்று ஆசிரியர். கெட்ச்சப் பாக்கெட்டுகளை வரிசையாக வைத்து நான்கு டவுனையும் விளக்கினார். ஊறுகாய் பாட்டில்தான் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். ஒரே சீசனில், மூன்றாவது டவுனில் என்ன வரும் என்று நானே கத்த ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் மானம் போயிற்று.

அவரும் மெக்வே படித்த மயாமி பல்கலைக்கழகத்துக்காரர்தான். ஃப்ளோரிடா இல்லை, இங்கே ஓஹையோவின் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய கோச் பால் பிரவுனிலிருந்து எத்தனையோ கோச்கள் அங்கிருந்து வந்ததால் அதற்கு 'கோச்களின் தொட்டில்' என்றே பெயர். அந்த ஆசை இவரையும் விடவில்லை. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ஒரு கல்லூரி அணியில் கடைநிலை உதவியாளராகப் போனார். இரண்டாம் வருஷமே தலைமைக் கோச்சை மாற்றினார்கள். பிறகு வேறு மாநிலம், வேறு அணி. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் அனுப்புகிறார், ஒவ்வொன்றிலும் ஒரு புது முகவரி. போன வருஷம் கான்சஸிலிருந்து வந்தது.