பிரேக் ஒரு நாள் வெடிக்குது, மறுநாள் புஸ்: கேரம் கேள்வி பதில்

பிரேக், அதாவது அடுக்கின காய்களைக் கலைக்கும் முதல் அடி, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வழக்கம்போல பாதிப் பேர் எந்த ஸ்டிரைக்கர் வாங்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, முடிந்தவரை பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: போர்டில் தூவும் போரிக் பவுடர் பட்ட கையோடு பஜ்ஜி, பிஸ்கட் எதையும் தொடாதீர்கள். கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இதைத் திரும்பவும் சொல்வேன்.

தண்டையார்பேட்டை: அண்ணே, ஒரு நாள் பிரேக்கில் ரெண்டு வெள்ளை விழுது. மறுநாள் அதே போர்டு, அதே கை, ஒண்ணும் விழ மாட்டேங்குது. பலம் போதலையா?

பலத்தில் ஒன்றும் குறையில்லை தம்பி. நீ அடுக்குவதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நடுவில் ரெட் என்கிற சிவப்புக் காய், சுற்றி 6, அதற்கு வெளியே 12, மொத்தம் 19 காய். குறுக்கே எண்ணினால் 5 காய். ஒரு காய் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், ஆக ஐந்தும் சேர்ந்து 16 சென்டிமீட்டரைத் தொடாது. பெரிய வட்டமோ 17 சென்டிமீட்டர். அதாவது வட்டத்துக்குள் அடுக்கிவிட்டேன் என்பதாலேயே அடுக்கு நடுவில் இருக்கிறது என்று அர்த்தமில்லை, சுற்றிலும் அரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. நேற்று அடுக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது, இன்று வலப்பக்கம், நீ மட்டும் அதே இடத்தைக் குறி பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறாய். வட்டக் கோட்டுக்கும் காய்க்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்.

அப்புறம் இறுக்கம். காய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகும். ஒரு இடத்தில் நூலளவு சந்து இருந்தாலும் அடி அங்கே தொலையும், அடுக்கு ஒரு பக்கமாக மட்டும் பிரியும். இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து இறுக்கிவிட்டுக் கையை நேராக மேலே எடுக்க வேண்டும். நம்ம பசங்க இறுக்கின கையைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள், இறுக்கினது அத்தனையும் வீண். விளிம்பு தேய்ந்த பழைய காயும் புதுக் காயும் கலந்த செட்டாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சந்து விழும், அதற்கு வைத்தியம் கிடையாது, செட்டை மாற்று.

ஒய் வடிவத்தில் வெள்ளையை வைக்கிறோம் இல்லையா, அதன் கைகளுக்கு நடுவே 120 டிகிரி. ஆனால் நடுவிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் இரண்டு குழிகளுக்கு நடுவே 90 டிகிரிதான். அதனால் இரண்டு கைகளும் இரண்டு குழியை நேராகப் பார்க்கவே பார்க்காது. ரெண்டு வெள்ளை விழுந்த அன்று உனக்கு யோகம், அவ்வளவுதான். ஒரு கையை ஒரு குழிக்கு நேராகத் திருப்பி வை, தினமும் அதே குழி.

கடைசியாக விரல். அடுக்கை எடுத்துவிட்டு, உனக்கு முன்னால் நிற்கும் காயின் இடத்தில் ஒரே ஒரு காயை வை. ஸ்டிரைக்கர் வைக்கும் பேஸ் லைனின் நடுவிலிருந்து பாதி வேகத்தில் அடி. காய் எதிர்ச் சட்டத்தில் பட்டு நேராக உன்னிடமே திரும்ப வேண்டும். இடப்பக்கம் போனால் நீ காயின் வலது ஓரத்தில் அடித்திருக்கிறாய். இது நேராக வராத வரை 19 காயை அடுக்கி வைத்து அடிப்பது நேர விரயம்.

கொடுங்கையூர்: ஸ்டிரைக்கர் எத்தனை கிராம் வாங்கலாம்?

விதிப்படி 15 கிராமுக்கு மேல் கூடாது, குறுக்களவு 4.13 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. ஒன்றை வாங்கி அதையே வைத்துக்கொள்.

ராயபுரம்: அண்ணா, நான் ஆடுவது பூல். அங்கேயும் பிரேக் இதே பிரச்சினைதான். கேரம் டெக்னிக் உதவுமா?

க்யூ குச்சி என் ஏரியா இல்லை. பந்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு விஷயம் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. மற்றதை உங்கள் பார்லரில் நன்றாக ஆடுகிறவரிடம் கேளுங்கள்.

வியாசர்பாடி: ஆள்காட்டி விரலா, நடு விரலா, கத்திரி மாதிரியா? எதில் பிரேக் நல்லா வரும்?

மூன்றிலும் சாம்பியன் இருக்கிறார்கள். விரலை மாற்றுகிறவனுக்குத்தான் எதிலும் வராது. ஸ்டிரைக்கருக்கும் நகத்துக்கும் நடுவே இடம் கொஞ்சமாக இருக்கட்டும், தூரத்திலிருந்து ஓங்கி வந்தால் ஸ்டிரைக்கர் திரும்பிவிடும். தள்ளக் கூடாது, சுண்ட வேண்டும்.

காசிமேடு: மழைக்காலம் வந்தாலே எங்க மன்றத்து போர்டில் பிரேக் செத்துப்போகுது. பவுடர் கொட்டிக்கொட்டிப் பார்த்துட்டோம்.

கொட்டினதுதான் தப்பு. கடற்காற்றில் பவுடர் ஈரம் வாங்கிக் கட்டியாகும், மேலே மேலே கொட்டினால் களிம்பு மாதிரி இழுக்கும். பழையதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொஞ்சமாகப் புதுசு போடுங்கள், வாயால் ஊதாதீர்கள். இன்னொன்று கேட்கிறேன், மேலே தொங்குவது என்ன பல்பு? எல்இடி என்றால் காரணம் அங்கேயும் இருக்கிறது. 100 வாட் குண்டு பல்பு வெளிச்சத்தை விடச் சூட்டைத்தான் அதிகம் கொடுக்கும், அந்தச் சூட்டில் பலகை காய்ந்தபடியே இருந்தது.

திருவொற்றியூர்: எல்இடி வந்ததால் பிரேக் போச்சுங்கிறது பெருசுங்க கதை. வெளிச்சம் வெளிச்சம்தானே?

பெருசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஒரு சாயங்காலம் குண்டு பல்பை அரை மணி நேரம் எரியவிட்டுப் போர்டின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். மறுநாள் எல்இடியில் அதே மாதிரி வைத்துப் பாருங்கள். அப்புறம் வந்து பேசுங்கள்.

கொருக்குப்பேட்டை: நான் எலக்ட்ரீஷியன். அண்ணன் சொல்றது சரி, 9 வாட் எல்இடியில் பலகை சூடாக வாய்ப்பே இல்லை. ஆனா கரண்ட் பில்லை யார் கட்டுறது?

100 வாட்டை 5 மணி நேரம் எரித்தால் அரை யூனிட். அதில் எந்த மன்றமும் திவாலாகாது.

மூலக்கொத்தளம்: குண்டு பல்பிலும் ஒரு கோளாறு இருக்கு. நடுவுல காயுது, மூலை ஈரமாவே இருக்கு. அடுக்கு நல்லா பிரியுது, காய் குழிகிட்ட போய் நின்னுடுது.

இதுதான் ஆடுகிறவன் பேச்சு! பல்பைத் தாழ இறக்கிவிட்டால் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் மேலே ஏற்றி, அகலமான மூடி போட்டால் சூடு பரவும். மூலையை ஆட்டத்துக்கு முன் தனியாகத் துடையுங்கள்.

திருவொற்றியூர்: சரி, ஹேர் டிரையர் காட்டினா?

ஒரே இடத்தில் சூடு காட்டினால் பலகை வளையும். மொட்டை மாடி வெயிலில் காய வைப்பதும் அப்படித்தான். பல்பு விவகாரம் இத்தோடு போதும், இதற்கே இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். போய்ப் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

எருக்கஞ்சேரி: எந்த ஸ்டிரைக்கர் நல்லது அண்ணே?

மேலே கொடுங்கையூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: அண்ணா, பொண்ணுக்கு 11 வயசு. அவ அடிச்சா அடுக்கு அசையவே மாட்டேங்குது, பசங்க சிரிக்கிறாங்க. விட்டுடலாமா?

எதற்கும்மா விட வேண்டும்? உங்கள் பக்கத்து செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய பெண். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன். இரண்டு முறை உலகப் பட்டமும் அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயமும் நம்ம சென்னைதான். பிரேக்கில் எதுவும் விழவில்லை என்றால் போகிறது, முறை எதிராளிக்குப் போகும், அவ்வளவுதான் நஷ்டம். ஓங்கி அடித்து ஸ்டிரைக்கர் குழிக்குள் போனால் முறையும் போய் ஒரு காய் தண்டமும் கட்ட வேண்டும். சிரிக்கிற பசங்களில் எத்தனை பேர் அப்படி மைனஸ் கொடுக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். நாற்காலி உயரம் சரியில்லாவிட்டால் குழந்தைகளுக்கு மணிக்கட்டு தூக்கிக்கொள்ளும், முதலில் அதைப் பாருங்கள். பவுடர் கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரியவர்களை விடக் குழந்தைகளுக்குத்தான் அது ஆபத்து.

பெரம்பூர்: பிரேக் அடிச்சு ஒரு காயும் படலைன்னா?

மூன்று வாய்ப்பு உண்டு. லேசாகப் பட்டாலே பிரேக் முடிந்தது. மூன்றிலும் படவில்லை என்றால் ஆட்டத்தைக் கொஞ்ச நாள் வேடிக்கை பாருங்கள்.

மணலி: இரும்பு ஸ்டிரைக்கர் வெச்சா பிரேக் சூப்பரா வருது, ஆடலாமா?

கூடாது. உலோகத்துக்கு விதியிலேயே இடமில்லை, காயும் உடையும். ஸ்டிரைக்கர் கேள்விக்கு இனிமேல் பதில் இல்லை.

எண்ணூர்: பிரேக்கிலேயே ரெட் விழுந்தா, அதை உறுதியாக்க உடனே நம்ம காய் ஒண்ணை ஃபாலோ போடலாமா?

ரெட் மட்டும் தனியாக விழுந்தால் முடியாது. உன் காய் ஒன்றாவது முதலில் விழுந்திருக்க வேண்டும். ரெட் திரும்ப நடுவுக்கு, முறை எதிராளிக்கு. உங்கள் தெருவில் வேறு மாதிரி ஆடுவார்கள், தெரியும். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.