தம்பியைத் தனியாகப் பேருந்தில் அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறான். இப்போது தெளிவாக இருக்கிறான். மாதம் ஒருமுறை என் கணவர் பைக்கில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதைத் தவிர, அவன் வாசலைத் தாண்டுவதில்லை. நகரப் பேருந்தில் அவனுக்குச் சலுகை உண்டா? தனியாக அனுப்பலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மகளிருக்கென 2021இல் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம், அவ்வாண்டே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாள் ஒருவருக்கும் நீட்டிக்கப்பட்டது. இதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. அதற்காக அரசு மருத்துவமனையில் மதிப்பிடும்போது நோயின் பெயரை மட்டும் வைத்துக் குறைபாட்டு விழுக்காடு தருவதில்லை. தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும், நோய் நீடித்த காலத்தையும் பார்க்கிறார்கள். நம் குடும்பங்களில் கௌரவம் கருதி, "எல்லாம் அவனே செய்துகொள்வான் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். நீங்கள் நினைவூட்டினால்தான் குளிக்கிறார் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

தனியாக அனுப்புவதற்கு முன், எங்கே போக விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். மருத்துவமனைக்குப் போவதற்காக மட்டும் பயணம் பழக யாருக்கும் ஆசை வராது. நூலகமோ, பெரிய கோயிலோ, பழைய நண்பரின் கடையோ அவர் சொல்லும் இடமாக இருக்கட்டும். கூட்டம் குறைந்த முற்பகல் வண்டியில் முதலில் பக்கத்தில் அமருங்கள். பழகியபின் இரண்டு இருக்கை தள்ளி அமருங்கள். பிறகு அவர் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள். அவருக்கு மட்டும் கேட்கும் குரல்கள் தொந்தரவு செய்தாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உங்களை அழைக்கலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரையின் தூக்கக் கலக்கம் இருந்தால், நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, உடலில் குறை தெரியாததால் "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று நடத்துநர் கேட்கக்கூடும். அட்டையைக் காட்டினால் போதும், நோயைப் பற்றிப் பேருந்தில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. ஒருநாள் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டாலும், குறை சொல்லாமல் மறுநாள் அதே வண்டியில் அவருடன் நீங்களும் ஏறுங்கள்.