ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதற்கா இவ்வளவு?

கேள்வி: நான்கு வயது மகளுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்), ஸ்டீராய்டு மருந்துக்குக் கேட்கவில்லை. மரபணு அறிக்கையில் 'என்பிஎச்எஸ்2, ஆர்138கியூ, இரு பிரதிகளிலும்' என்றிருக்கிறது. என்ன அர்த்தம்?

பதில்: என்பிஎச்எஸ்2 என்ற மரபணு உருவாக்குவது போடோசின் என்ற புரதம். சிறுநீரக வடிகட்டியில் போடோசைட் செல்கள் விரல்களைக் கோத்ததுபோல் நிற்கும். அவற்றின் இடுக்கிலுள்ள சல்லடைச் சவ்வில் நெஃப்ரின் என்ற இன்னொரு புரதத்தைத் தாங்கிப் பிடிப்பது போடோசின்தான். ஆர்138கியூ என்றால், போடோசினின் 138ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் குளுட்டமின் வந்திருக்கிறது; அதனால் புரதத்தின் மடிப்பு பிசகிவிடும். புரதம் உருவாகும், ஆனால் செல்லுக்குள் அது தயாராகும் இடமான எண்டோபிளாச வலையிலேயே சிக்கிவிடும். நெஃப்ரினும் தன் இடம் சேராது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் ஒழுகும். கோளாறு நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இல்லை, அதனால்தான் ஸ்டீராய்டு கேட்கவில்லை. அதற்காக மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். பெற்றோர் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவரிடமும் இந்த மாற்றமுள்ள பிரதி ஒவ்வொன்று இருந்தால், அடுத்த குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு.